லூசி மரத்திலிருந்து விழுந்தாளா?

ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, மகளின் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனிதப் பரிணாமம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்ததும் கைவசம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன்: லூசியின் மரணம். பன்னிரண்டு மீட்டர் உயர மரத்திலிருந்து விழுந்தாள், முதலில் கால் தரையில் மோதியது, கைகளை நீட்டித் தாங்கப் பார்த்தாள், தோள் நொறுங்கியது, கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. வகுப்பே கப்சிப். அப்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், அது எப்படி சார் தெரியும்? யாராவது பாத்தாங்களா?"

நான் சிரித்துக்கொண்டே "எலும்பு சொல்லுது தம்பி" என்றேன். கைதட்டல் கிடைத்தது.

அந்தப் பதில் தப்பு. ஏன் தப்பு என்று எனக்கே விளங்கக் கொஞ்ச காலம் ஆனது. நான் மானுடவியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்த விஷயத்தில் என் தொழில் அனுபவம் கொஞ்சம் உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் லூசி யார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1974 நவம்பர் 24 அன்று, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹாடார் என்ற இடத்தில், டொனால்ட் ஜொஹான்சனும் டாம் கிரேயும் ஒரு முழங்கை எலும்புத் துண்டைக் கண்டார்கள். அந்தச் சரிவிலிருந்து சல்லடை போட்டுச் சலித்து எடுத்த துண்டுகள் பல நூறு. ஒட்டிச் சேர்த்துப் பார்த்தபோது ஒரே ஆளின் எலும்புக்கூட்டில் சுமார் 40 விழுக்காடு கிடைத்திருந்தது. பதிவேட்டில் அவள் பெயர் ஏ.எல். 288-1. அன்றிரவு முகாமில் ஓடிய பீட்டில்ஸ் பாட்டிலிருந்து வந்தது லூசி என்ற பெயர். எத்தியோப்பியர்கள் அவளைத் திங்கினேஷ் என்கிறார்கள்; அம்ஹாரிக் மொழியில் 'நீ அற்புதமானவள்' என்று பொருள்.

காலம், சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இனம், ஆஸ்ட்ரலோபிதேகஸ் அஃபாரென்சிஸ். உயரம் மூன்றரை அடி, எடை முப்பது கிலோவுக்குள். ஞானப்பல் முளைத்துவிட்டதால் குழந்தை இல்லை, வளர்ந்த பெண் என்றே கொள்கிறார்கள்.

இனி அந்த மரணக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லூசியின் எலும்புகள் கண்காட்சிக்காக அமெரிக்கா போயிருந்தபோது, 2008-ல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பத்து நாள் இரவு பகலாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மொத்தம் 35,000 படலங்கள். அதை வைத்து ஜான் கேப்பல்மன் குழு 2016 ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது.

அவர்கள் வாதம் இப்படிப் போகிறது. வலது மேல்கை எலும்பின் தோள்முனையில் கூர்மையான, சுத்தமான உடைவுகள் இருக்கின்றன. சின்னச் சின்னச் சில்லுகள்கூட இடம் மாறாமல் அப்படியே இருக்கின்றன. உயரத்திலிருந்து விழுபவர் கையை ஊன்றும்போது தோள்மூட்டு நசுங்கி இப்படித்தான் உடையும். இடது தோள், கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதல் விலா ஆகியவற்றிலும் ஒத்துப்போகும் உடைவுகள் உண்டு. எதிலும் எலும்பு கூடி ஆறிய தடம் இல்லை. ஆகவே விழுந்ததும் இறந்திருக்கிறாள். எலும்பை மனித அளவுக்குப் பெரிதாக்கி, முப்பரிமாண அச்சில் எடுத்து, எலும்பு முறிவு மருத்துவர்களிடம் காட்டினார்கள். அவர்களும் இது விழுந்து உடைந்தது போலத்தான் இருக்கிறது என்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உலகம் முழுக்க நாளிதழ்கள் அதை எடுத்துப் போட்டன. நானும் நம்பினேன்.

இப்போது என் தொழில் கதை. பல வருஷம் முன்பு ஒரு நள்ளிரவு, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பணப்பரிவர்த்தனை சர்வர் படுத்துவிட்டது. லாகைப் பார்த்தால், சரியாகப் பத்து நிமிஷம் முன்பு புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒரு மாற்றத்தை ஏற்றியிருக்கிறார். காரணம் கிடைத்துவிட்டது! விடிவதற்குள் அறிக்கை எழுதினேன். வரிக்கு வரி பொருந்தியது. எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு மாதம் கழித்து, அதே தேதி, அதே நேரம், சர்வர் மறுபடி படுத்தது. அன்றைக்கு யாரும் எதையும் ஏற்றவில்லை. மாதக் கடைசியில் ஓடும் ஒரு பேக்கப் வேலைதான் தரவுத்தள இணைப்புகளை எல்லாம் விழுங்கியிருக்கிறது. அதற்குள் அந்தத் தம்பியை வேறு குழுவுக்கு மாற்றியிருந்தார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவால்லண்ணா" என்றார். எனக்குத்தான் பரவாயில்லை என்று இல்லை.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. எதுவும் உடையாத நாட்களின் லாகை எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நள்ளிரவில் யாராவது எதையாவது ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள், அதனாலெல்லாம் சர்வர் படுப்பதில்லை என்று தெரிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் 'பொருந்துகிறது' என்று சொல்வதற்கு மதிப்பே கிடையாது.

இந்தக் கண்ணோடு லூசி கட்டுரைக்குத் திரும்பினால் மூன்று இடம் இடிக்கிறது.

முதலாவது, 'இறப்பை ஒட்டி உடைந்தது' என்பதன் பொருள். உயிருள்ள எலும்பும் காய்ந்த எலும்பும் வேறு வேறு விதமாக உடையும். ஈரப்பதம் உள்ள எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, காய்ந்தது சுள்ளி மாதிரி. ஆனால் உயிர் போன அந்த நொடியே எலும்பு காய்ந்துவிடாது. வாரக்கணக்கில், சில இடங்களில் அதற்கும் மேலாகப் பச்சையாகவே இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு விலங்கு மிதித்தாலும் அது பச்சை எலும்பின் உடைவுதான். ஆறிய தடம் இல்லை என்பதற்குப் பொருள், உடைந்த பிறகு அவள் பல நாள் வாழவில்லை என்பது மட்டும்தான். செத்த பிறகு உடைந்திருந்தாலும் ஆறிய தடம் இருக்காதே!

இரண்டாவது, மருத்துவர்களின் சாட்சி. அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் பார்த்த எலும்புகள் எல்லாம் உயிருள்ள மனிதர்களுடையவை. மாடியிலிருந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர் என்று ஏதோ ஒரு விபத்தில் உடைத்துக்கொண்டு வந்தவர்கள். 32 லட்சம் ஆண்டு மண்ணுக்கடியில் அழுத்தப்பட்டு, கல்லாகி, பிறகு மழையில் அரித்து வெளியே வந்த எலும்பு எப்படி உடையும் என்று அவர்கள் பார்த்ததே இல்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி, 'இது விபத்தானால் எந்த விபத்து?' என்பது. 'இது விபத்தா, மண்ணா?' என்பதை அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

லூசியைக் கண்டெடுத்த ஜொஹான்சனும், அதே இனத்தை அவரோடு சேர்ந்து ஆராய்ந்த டிம் வைட்டும் உடனே கிளப்பிய ஆட்சேபம் இதுதான். யானை எலும்பிலும் நீர்யானை விலா எலும்பிலும் இதே மாதிரி உடைவுகள் தென்படுகின்றன என்றார் ஜொஹான்சன். மண்ணின் அழுத்தமும், எலும்புக்குள் வளரும் கனிமங்களும் இதைச் செய்யும் என்றார் வைட். நீர்யானை மரம் ஏறாது!

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. அதே ஹாடார் மண்ணடுக்குகளில் கிடைத்த மான், பன்றி, யானை எலும்புகளையும் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். எது யாருடையது என்று சொல்லாமல் அதே மருத்துவர்களிடம் கொடுத்து, 'விழுந்து உடைந்தவற்றைப் பிரித்துத் தாருங்கள்' என்று கேட்கலாம். லூசியை மட்டும் தனியாகப் பிரித்தார்கள் என்றால் நான் ஆளுக்கு முன்னால் ஒத்துக்கொள்வேன். மான்களையும் சேர்த்துப் பிரித்தார்கள் என்றால் கதை முடிந்தது. அப்படி ஒரு முறையான ஒப்பீடு அந்தக் கட்டுரையில் இல்லை.

'ஒரு உடைவு தற்செயலாக இருக்கலாம், தோள், முழங்கால், கணுக்கால் எல்லாம் சேர்ந்து பொருந்துகிறதே?' என்று கேட்கலாம். இது கொஞ்சம் வலுவான வாதம்தான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் லூசி நமக்குக் கிடைத்ததே நூற்றுக்கணக்கான துண்டுகளாக. அத்தனை உடைவுகளுக்கு நடுவில் ஒரு கதைக்குப் பொருந்தும் ஏழெட்டைப் பொறுக்கி எடுப்பது கஷ்டம் இல்லை. முதலில் அம்பை விட்டுவிட்டு, குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடுகிற வேலை அது.

மூன்றாவது, அந்த எண்கள். பன்னிரண்டு மீட்டருக்கு மேல், மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் என்று செய்திகளில் வந்தபோது, ஏதோ எலும்பிலிருந்து அளந்து எடுத்தது போலத் தோன்றியது. வேகம் எங்கிருந்து வந்தது? பிளஸ் டூ இயற்பியல்தான். இரண்டை 9.8 ஆலும் 12 ஆலும் பெருக்கினால் 235. அதன் வர்க்கமூலம் நொடிக்கு 15.3 மீட்டர், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். சரி, அந்த 12 மீட்டர்? அது சிம்பன்சிகளோடு ஒப்பிட்டுப் போட்ட அனுமானம். சிம்பன்சிகள் இரவில் தூங்க மரத்தில் கூடு கட்டும் உயரத்தை வைத்து, லூசியும் அவ்வளவு உயரத்தில் இருந்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டார்கள். 6 மீட்டர் என்று போட்டால் வேகம் 39 ஆகிவிடும். உள்ளே போட்ட அனுமானம்தான் வெளியே எண்ணாக வருகிறது. நான் பள்ளியில் பிள்ளைகளிடம் 'பன்னிரண்டு மீட்டர்' என்று அடித்துச் சொன்னேனே, அந்த எண் லூசியுடையதே இல்லை, சிம்பன்சியுடையது.

இதனால் கேப்பல்மன் மோசமான ஆராய்ச்சியாளர் என்று யாரும் நினைக்க வேண்டாம். எத்தியோப்பிய அரசின் அனுமதியோடு லூசியின் தோள், முழங்கால் எலும்புகளின் முப்பரிமாணக் கோப்புகளை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டவர் அவர். நண்பர் ஒருவரின் அச்சு இயந்திரத்தில் அந்தத் தோளை நானும் எடுத்து வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது மேசையில்தான் இருக்கிறது. தன் வாதத்தைத் தாக்கத் தேவையான ஆயுதத்தைத் தானே எடுத்துக் கொடுப்பவர்கள் குறைவு.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே ஸ்கேன்களை வைத்து அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு கட்டுரை வந்தது. கிறிஸ்டஃபர் ரஃப் முதல் ஆசிரியர். கேப்பல்மனும் அதில் ஒருவர். என் கணக்கில் இந்த இரண்டாவதுதான் லூசியைப் பற்றி எழுதப்பட்ட நல்ல கட்டுரைகளில் ஒன்று. செய்திகளில் இதற்குக் கிடைத்த இடம் ரொம்பக் குறைவு.

அதன் அருமை புரிய ஒரு பழைய சண்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். லூசியின் உடல் இரண்டு ஊர் உடல். இடுப்பெலும்பு குட்டையாக, அகலமாக நம்முடையதைப் போல இருக்கிறது. தொடை எலும்பு முழங்காலை நோக்கி உள்பக்கமாகச் சாய்ந்து வருகிறது. இது நிமிர்ந்து இரண்டு காலில் நடப்பவரின் அமைப்பு. தான்சானியாவின் லேடோலியில் 1978-ல் கண்டுபிடிக்கப்பட்ட, 36 லட்சம் ஆண்டுப் பழைய காலடித் தடங்களும் இதைத்தான் காட்டுகின்றன. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொருவரின் பாத எலும்பை ஆராய்ந்து 2011-ல் வந்த கட்டுரை, பாதத்தில் நமக்கு இருப்பது போன்ற வளைவு இருந்தது என்றது. ஆனால் இடுப்புக்கு மேலே போனால் வேறு ஆள். விரல் எலும்புகள் வளைந்தவை. மேல்கை எலும்பின் நீளம் தொடை எலும்பின் நீளத்தில் 85 விழுக்காடு. நமக்கு 72-ஐ ஒட்டி, சிம்பன்சிக்குக் கிட்டத்தட்ட 100. டிகிகாவில் கிடைத்த செலாம் என்ற குழந்தையின் தோள்பட்டை எலும்பில், மூட்டுக்குழி குரங்குகளுக்கு இருப்பது போல மேல்நோக்கிப் பார்க்கிறது.

சண்டை இதுதான். ஓவன் லவ்ஜாய் போன்றவர்கள், லூசி தரையில் நடந்தவள், மேல் உடம்பின் மரமேறும் அமைப்பெல்லாம் முன்னோரிடமிருந்து வந்த மிச்சம் என்றார்கள். ஸ்டெர்னும் சஸ்மனும் 1983-ல், இல்லை, அவள் உண்மையிலேயே மரம் ஏறியவள் என்றார்கள். மென்பொருள்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பழைய கோடு கோப்பில் கிடக்கிறது. அது இன்னும் ஓடுகிறதா, யாரும் அழிக்காமல் விட்டதா? கோடை எவ்வளவு நேரம் முறைத்தாலும் பதில் கிடைக்காது. ஓடியதற்கான லாக் வேண்டும்.

எலும்பில் அப்படி ஒரு லாக் உண்டு. சுமை தாங்கத் தாங்க எலும்புச் சுவர் தடிக்கும். டென்னிஸ் வீரர்களுக்கு ராக்கெட் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது தெரிந்த விஷயம். நீளமும் மூட்டின் கோணமும் பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. சுவரின் தடிமனில் வாழ்நாள் உழைப்பும் சேர்ந்திருக்கும். ரஃப் குழு லூசியின் கை எலும்பு, தொடை எலும்பு இரண்டின் குறுக்குவெட்டை ஸ்கேனில் அளந்து, வலிமை விகிதத்தை மனிதர்களோடும் சிம்பன்சிகளோடும் ஒப்பிட்டது. லூசி இரண்டுக்கும் நடுவில் வந்தாள். காலோடு ஒப்பிட்டால் அவள் கை, நம் யாருடைய கையையும்விட வலுவானது. உடம்பைத் தூக்கி இழுக்கும் வேலையை அந்தக் கைகள் அடிக்கடி செய்திருக்கின்றன.

பாருங்கள், இதில் ஒப்பிட மனிதர்கள் இருக்கிறார்கள், சிம்பன்சிகள் இருக்கிறார்கள், அளவு இருக்கிறது. முடிவு வேறு மாதிரி வந்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. மனிதர்களுக்குள் அவள் விழுந்திருந்தால் லவ்ஜாய் பக்கம் வென்றிருக்கும்.

ஒரே உடல், ஒரே ஸ்கேன், கிட்டத்தட்ட ஒரே ஆட்கள். ஒரு கட்டுரை அவள் வாழ்ந்த வருஷங்களைக் கேட்டது, இன்னொன்று அவள் செத்த நொடியைக் கேட்டது. வருஷங்களைப் பற்றிய கேள்விக்கு எலும்பில் பதில் இருந்தது. பழக்கத்தை எலும்பு எழுதி வைக்கும். ஒரு நொடியை எழுதினாலும், அதன் மேல் லட்சக்கணக்கான வருஷம் மண் கிறுக்கியிருக்கும்.

அவள் வாழ்க்கையில் இன்னும் கொஞ்சம் தெரியும். 2013-ல் வெளியான பல் எனாமல் ஆய்வுகளின்படி, இந்த இனம் மரம், செடிகளின் உணவோடு புல், கோரை சார்ந்த உணவையும் கலந்து சாப்பிட்டது. அவர்களுக்கு முந்தைய முன்னோர்கள் பெரும்பாலும் மரம், செடிகளையே நம்பியிருந்தார்கள். ஆக, பகலில் தரையில் இறங்கி வெட்டவெளிவரை நடந்து மேய்ந்து, பழத்துக்கோ பாதுகாப்புக்கோ மரத்துக்குத் திரும்பிய ஒரு சின்ன உருவம். வேட்டை விலங்குகள் இருந்த நாட்டில் முப்பது கிலோகூட இல்லாத உடம்பு. இதற்கு மேல் என்ன கதை வேண்டும்? நாம்தான் சாவைக் கேட்கிறோம்.

இது முதல் தடவையும் இல்லை. 1975-ல் அதே ஹாடாரில் 333 என்ற எண்ணிட்ட இடத்தில், 13 பேருக்குக் குறையாத ஒரு கூட்டத்தின் எலும்புகள் கிடைத்தன. 'முதல் குடும்பம்' என்று பெயர் வைத்தார்கள். திடீர் வெள்ளத்தில் மொத்தக் குடும்பமும் போய்விட்டது என்று கதை பரவியது. பிறகு மண்ணடுக்கை நிதானமாகப் பார்த்தபோது, வேகமான வெள்ளத்துக்கான தடயம் இல்லை. லூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் முதுகெலும்போடு நாற்பது வருஷம் சேர்த்து வைத்திருந்த ஒரு சின்னத் துண்டு, ஒரு வகை பபூன் குரங்கினுடையது என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். எப்படி? மற்ற விலங்குகளின் முள்ளெலும்புகளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான். அந்தப் பொறுமைதான் அடுத்த வருஷம் தோள் எலும்புக்குக் கிடைக்கவில்லை.

லூசி மரத்திலிருந்து விழவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மரத்தில் வாழ்பவை விழத்தான் செய்யும். அடால்ஃப் ஷுல்ட்ஸ் ஆராய்ந்த கிப்பன்களில் சுமார் மூன்றில் ஒன்றுக்கு எலும்பு உடைந்து கூடிய தடம் இருந்தது. கிப்பனைவிட நல்ல மரமேறி கிடையாது. அடிக்கடி மரம் ஏறிய லூசி விழுந்திருக்கலாம். கூடவே, அவள் இடுப்பில் ஏதோ ஊனுண்ணியின் ஒற்றைப் பல்தடமும் இருக்கிறது. அது கொன்றதா, செத்த பிறகு கடித்ததா, அதுவும் தெரியாது. 'நடந்திருக்கலாம்' என்பதற்கும் 'நடந்தது' என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் அந்த வகுப்பறையில் ஒரே தாவாகத் தாண்டிவிட்டேன்.

இப்போது எங்கள் குழுவில் அறிக்கை எழுதும்போது 'காரணம் உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுத யாரும் தயங்கக் கூடாது என்பது என் விதி. மேலே உள்ளவர்களுக்குப் பிடிக்காது. டிக்கெட் திறந்தே கிடக்கும். கிடக்கட்டும். தப்பான காரணத்தோடு மூடிய டிக்கெட் ஒரு ஆளை இடம் மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். லூசியை இனி யாரும் இடம் மாற்ற முடியாது. ஆனால் முப்பது பிள்ளைகள் மனதில் ஒரு அனுமானத்தை உண்மையாக்கி உட்கார வைத்தவன் நான். அவர்கள் இப்போது பெரிய பிள்ளைகள் ஆகியிருப்பார்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: "யாரும் பாக்கல தம்பி. எப்படிச் செத்தான்னு எலும்பு சொல்லல. ஆனா தினமும் கையால தன்னைத் தூக்கிக்கிட்டு மரம் ஏறினா, கீழ எறங்கி நம்மள மாதிரி நடந்தா. அதைச் சொல்லுது."

மகளிடம் இதைச் சொன்னேன். மேசையிலிருந்த தோள் எலும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நீ எங்க ஸ்கூல்ல சொன்னது?" என்றாள். தப்பு என்றேன். "மறுபடி வந்து சொல்லுவியா?" என்றாள். பள்ளிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.